இரண்டு யானைகளும் ஒரு பழங்கயிறும்: காதல் நாவல் எழுத நான் பழகிய வழி

என் மூன்றாவது நாவலை ஒரு வார இதழுக்கு அனுப்பியிருந்தேன். ஆறு வாரத்தில் திரும்பி வந்தது. முதல் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "இவள் அவனுக்கு ஒரு போன் செய்திருந்தால் கதை ஐந்தாம் அத்தியாயத்திலேயே முடிந்திருக்குமே?"

அன்று முழுக்க அழுதேன். மறுநாள் கதையை எடுத்து ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்தேன். அந்த வரியை எழுதியவர் சொன்னது சரி. அவன் வேறொரு பெண்ணோடு நிற்பதை இவள் பார்த்துவிடுகிறாள், அவனிடம் கேட்கவில்லை, அப்புறம் இருநூறு பக்கத்துக்கு இருவரும் தனித்தனியாக வாடுகிறார்கள். அது பிரிவே இல்லை. வெறும் தகவல் குறை.

இப்போது பதினொரு நாவல் எழுதிவிட்டேன். காதல் நாவல் எழுத விரும்பி என்னிடம் வரும் இளையவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கிருந்து கதை கிடைக்கிறது, தினமும் எப்படி எழுதுகிறீர்கள்? இரண்டையும் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்தப் பென்சில் வரிக்குப் பதில் கிடைத்த இடத்தைச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

கயிறு

நற்றிணையில் 284ஆம் பாட்டு. பொருள் தேடிப் போன இடத்தில் ஒருவன் நிற்கிறான். நெஞ்சு சொல்கிறது: திரும்பிப் போ, அவள் துயரைத் தீர். அறிவு சொல்கிறது: எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இழிவு வந்து சேரும், பொறு. இரண்டு களிறுகள் ஆளுக்கொரு முனையைப் பற்றி இழுக்கிற, புரி தேய்ந்த பழைய கயிறு போல என் உடம்பு அழிந்துவிடுமோ என்கிறான். இந்த ஒரு உவமையாலேயே அதைப் பாடியவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் நம்மிடம் இல்லை.

இதைப் படித்த இரவில்தான் எனக்குப் புரிந்தது. அவனுக்கு எந்தத் தகவலும் குறையவில்லை. அவள் காத்திருக்கிறாள் என்று தெரியும், தனக்கு அவள் வேண்டும் என்றும் தெரியும். வில்லன் இல்லை, தொலைந்த கடிதம் இல்லை. ஒரே ஆளுக்குள் இரண்டு நியாயங்கள், இரண்டுக்கும் யானை பலம். நூறு போன் செய்தாலும் தீராது.

அதனால் எந்த நாவலைத் தொடங்கும் முன்பும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுகிறேன். இடப்பக்கம், "எனக்கு இவன் வேண்டும், ஏனென்றால்". வலப்பக்கம், "நான் இவனை விட்டாக வேண்டும், ஏனென்றால்". கதாநாயகிக்கு ஒரு தாள், கதாநாயகனுக்கு ஒரு தாள். நிரப்பியபின் வலப்பக்கத்தை மட்டும் கிழித்து, கதையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இவள் செய்வது நியாயமா?" என்று கேட்பேன். "நியாயம்தான், வேறென்ன செய்வாள்" என்று அவர் சொன்னால் எனக்கு ஒரு யானை கிடைத்தது. "இதுக்கா போய்?" என்றால் அது ஆட்டுக்குட்டி. வேறு தேட வேண்டும்.

என் ஒன்பதாவது நாவலுக்கு அந்தத் தாளை நிரப்ப நான்கு மாதம் பிடித்தது. கதாநாயகி டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அண்ணனைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் தம்பி மேல் அவளுக்கு மனம் போகிறது. ஒருநாள் அந்த அண்ணன் அவளிடம், சிகிச்சையை நிறுத்திவிடப் போவதாகவும் தம்பிக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்கிறார். சொன்னால் நோயாளிக்குத் துரோகம். சொல்லாவிட்டால், தான் விரும்புகிறவனின் முகத்தைப் பார்த்துத் தினமும் ஒரு பொய். அவள் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் காதலும் வளர்கிறது, குற்றமும் வளர்கிறது. அந்த நாவலை எழுதும்போது ஒருநாள்கூட அடுத்து என்ன எழுதுவது என்று நான் தவித்ததில்லை. கயிறு தானாக இழுத்துக்கொண்டு போனது.

கதை கிடைக்கும் இடம்

அந்த டயாலிசிஸ் பிரிவு எனக்கு எப்படித் தெரியும்? என் சித்தியோடு இரண்டு வருடம் போய் உட்கார்ந்திருக்கிறேன். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். சேர்ந்தவுடன் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் பார்ப்பார்கள். உடம்பில் சேர்ந்த நீரை எடுத்தபின் நிற்க வேண்டிய எடைக்கு 'டிரை வெயிட்' என்று பெயர். அங்கே வணக்கத்துக்குப் பதிலாக, "இன்னிக்கு எவ்வளவு ஏறியிருக்கு?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நோயாளிகள் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. கோடையில் அது எவ்வளவு கொடுமை என்பது பக்கத்தில் இருந்தால்தான் தெரியும்.

அந்தக் கூடத்தில் ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலைப் பையின் அடியில் ஒளித்துவைத்திருப்பதைப் பார்த்தேன். தாகம் எடுத்தால் எழுந்து வெளியே போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். படுக்கையில் இருந்தவருக்கு முன்னால் அவர் ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை. அவர்கள் யார், என்ன உறவு என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து என் நர்ஸ் தன் மனதைக் கொடுத்தது அந்த இடத்தில்தான்: தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும் நொடியில்.

ஆகவே, கருவைத் தேடிக் காதலர்கள் இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்வேன். வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். காத்திருக்கும் கூடங்கள், பழுது பார்க்கும் பட்டறைகள், பேருந்தின் பின் இருக்கை, இரவு நேர ரயில் நிலையம். மனிதர்கள் இன்னொருவருக்காகத் தங்கள் கையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அங்கே தெரியும். வேலையின் சொற்களும் அங்கேதான் கிடைக்கும். 'டிரை வெயிட்' என்ற சொல்லை எந்த அகராதியில் தேடி எடுத்திருந்தாலும் அது என் நாவலில் உயிரோடு இருந்திருக்காது.

குறிப்பெடுப்பதற்கு எனக்கு ஒரே விதி. என்ன செய்தார்கள் என்று எழுதுவேன், என்ன உணர்ந்தார்கள் என்று எழுத மாட்டேன். "அவர் அன்போடு பார்த்தார்" என்று எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து அந்த வரி செத்துக் கிடக்கும். "பாட்டிலைப் பையின் அடியில் வைத்தார், மேலே துண்டைப் போட்டார்" என்று எழுதியிருந்தால், எப்போது திறந்தாலும் அந்த மனிதர் அங்கே இருப்பார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு மாதம் கைகளை மட்டும் குறித்துப் பாருங்கள். முகம் வேண்டாம், பேச்சு வேண்டாம். முதல் வாரம் சலிப்பாக இருக்கும். மூன்றாம் வாரத்தில் சட்டைப் பித்தானைத் திருகும் ஒரு கையைப் பார்த்து ஒரு முழுக் கதை எழும்.

இன்னொன்று, இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். பார்த்ததை உடனே கதையாக்க மாட்டேன். குறைந்தது ஒரு வருடம் நோட்டிலேயே கிடக்கட்டும். எடுக்கும்போது வயது, தொழில், உறவு மூன்றையும் மாற்றுவேன். அகத்திணையில் வரும் மனிதர்களைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. அது கவிதைக்கான இலக்கணம்தான். ஆனால் ஒருவருடைய அந்தரங்கத்தைத் தொடும் எல்லா எழுத்துக்கும் அதை நான் அறமாகவே எடுத்துக்கொள்கிறேன். படிக்கிறவர் தன்னை அதில் அடையாளம் காணலாம், பக்கத்து வீட்டுக்காரர் அவரை அடையாளம் காணக் கூடாது.

மேசையில் உட்காரும் நேரம்

நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எழுத எனக்குக் கிடைப்பது காலை 4.45 முதல் 6.30 வரை. அதில் 400 சொல். சில நாள் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படி முடிந்தாலும் 6.30 வரை நாற்காலியை விட்டு எழ மாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பேன். நாளைய முதல் வரி பெரும்பாலும் அந்தச் சும்மா நேரத்தில்தான் வரும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் வீதம் எழுதியதாக அவரே தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அந்த வேகம் எனக்கு வராது, வர வேண்டும் என்று ஆசையும் இல்லை. ஆனால் அலுவலகம் போகிறவர்கள் நாவல் எழுத முடியாது என்று யாராவது சொன்னால் அந்தக் கடிகாரத்தை நினைத்துக்கொள்வேன்.

முதல் வரைவு கையால்தான். கோடு போட்ட நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதுவேன், இடப்பக்கம் காலியாக இருக்கும். மறுநாள் தோன்றும் திருத்தம், ஒரு நல்ல வினைச்சொல், "இவள் ஏன் இதைச் சொன்னாள்?" என்ற கேள்வி எல்லாம் இடப்பக்கத்துக்கு. ஒரு அத்தியாயம் முடிந்ததும் கணினியில் தட்டும்போது இரண்டு பக்கமும் கலந்துவிடும். நேராகக் கணினியில் எழுதினால் அடிக்கடி அழிக்கிறேன். அழித்தது நல்ல வரியா என்று பார்க்க அது அங்கே இருப்பதில்லை.

நிறுத்தும்போது வாக்கியத்தின் பாதியில் நிறுத்துங்கள். "அவள் கதவைத் திறந்தபோது" என்று விட்டுவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுத்தாள் முன்னால் உட்கார வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுதுவதில்லை. வெளியே போய் எங்காவது உட்காருவேன்.

பொழுதைத் தேர்ந்தெடுப்பது

என் மேசைக்கு மேலே ஒரு பெரிய தாள். அதில் ஐந்து கட்டங்கள்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல். ஒரு அத்தியாயம் முடிந்ததும் அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று ஒரு புள்ளி வைப்பேன். பாதி நாவலில் நிமிர்ந்து பார்த்தால் நோய் தெரிந்துவிடும். என் நோய் எப்போதும் ஒன்றே: முல்லைக் கட்டம் காலியாக இருக்கும். சந்திப்பும் சண்டையும் பிரிவும் எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. காத்திருப்பைத் தாண்டிக் குதித்துவிடுகிறேன். ஆனால் படிக்கிறவர் காதலர்களோடு ஒட்டிக்கொள்வது காத்திருக்கும் அத்தியாயங்களில்தான். எதுவும் நடக்காமல் அவன் வருவான் என்று ஒருத்தி இருப்பது. அதை இருபது பக்கம் எழுதத் தெரிந்தால் பிரிவு தானாக வலிக்கும்.

அந்தத் தாளில் பொழுதையும் எழுதிவைத்திருக்கிறேன். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு நள்ளிரவு, மருதத்துக்கு விடியல், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்குப் பொழுது சாயும் நேரம். இதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஊடலை ஏன் விடியலில் வைத்தார்கள் என்று ஒருநாள் யோசித்துப் பாருங்கள். இரவு முழுக்க வராத ஒருவன் வந்து நிற்கும் நேரம் அது. சண்டைக் காட்சி ஒன்று எனக்குச் சப்பென்று இருந்தது, மாலையில் நடப்பதாக எழுதியிருந்தேன். அதை அப்படியே அதிகாலைக்கு நகர்த்தினேன். அவள் தூங்காத கண்ணோடு இருக்கிறாள், அவன் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருக்கிறது, வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள். வசனத்தில் ஒரு சொல்கூட மாற்றாமல் காட்சி சூடேறியது.

வெறுமையை எழுத எனக்குப் பாடம் குறுந்தொகை 41. அவர் அருகில் இருக்கும்போது விழா நடக்கும் ஊர்போல் மகிழ்வேன், அவர் போன நாளில் மக்கள் விட்டுப்போன ஊரில் அணில் விளையாடும் முற்றத்து வீடுபோல் பொலிவிழந்து வருந்துவேன் என்கிறாள் தலைவி. அணில் வந்து ஓடியாடுகிறது என்றால் அங்கே எவ்வளவு நாளாக மனித நடமாட்டமே இல்லை! "அவள் தனிமையில் தவித்தாள்" என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு, இங்கே என் அணில் எது என்று தேடுவேன். டயாலிசிஸ் நாவலில் அது எடை பார்க்கும் கருவி. யாரும் ஏறாத நாளில் அது பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும்.

நீங்களும் நீயும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச ஆசை. தமிழில் காதல் எழுதுகிறவர்களுக்கு மொழியே கொடுத்திருக்கும் பெரிய வரம் இது. ஒருவர் இன்னொருவரை 'நீங்க' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு வரும் தூரம் ஒரு நாவலின் தூரம்.

நடுவில் ஒரு நிலை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்க என்பது விலக்கமாகத் தோன்றத் தொடங்கியிருக்கும், நீ என்று சொல்லத் துணிவு வந்திருக்காது. அப்போது இருவரும் அந்த இரண்டு சொல்லையுமே தவிர்த்துப் பேசுவார்கள். "சாப்பிட்டாச்சா?" "கிளம்பியாச்சா?" "நாளைக்கு வர முடியுமா?" எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும் என்பதால் நம்மால் நாள்கணக்கில் இப்படி ஓட்ட முடியும். என் நர்ஸும் அந்தத் தம்பியும் ஏழு அத்தியாயம் இப்படித்தான் பேசினார்கள். பிறகு ஒருநாள் படிக்கட்டில் அவன் தடுமாறும்போது அவள் வாயில் "ஏய், பாத்து வா" என்று வந்துவிடுகிறது. அந்த நாவலில் 'காதல்' என்ற சொல்லே அதுவரை இல்லை, தேவைப்படவும் இல்லை.

திரும்பிப் போவது இன்னும் கூர்மை. உண்மை தெரிந்த பிறகு அவன் அவளிடம், "நீங்க சொல்லியிருக்கலாம்" என்கிறான். அவ்வளவுதான், கத்தவில்லை. அந்த 'நீங்க' எழுதிய காலை எனக்கு அலுவலகத்தில் கணக்கே ஓடவில்லை.

செய்யும் முறை எளிது. வரைவு முடிந்ததும் இருவர் பேசும் இடங்களை மட்டும் எடுத்து, விளிக்கும் சொற்களை வட்டமிடுங்கள். எந்தப் பக்கத்தில் மாறுகிறது, யார் முதலில் மாற்றுகிறார்கள், மற்றவர் எத்தனை பக்கம் கழித்துத் தொடர்கிறார் என்று பாருங்கள். கவனமில்லாமல் அங்கங்கே மாறியிருந்தால் அது பிழை, திருத்துங்கள். வசனங்களை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். கண் மன்னித்துவிடும் பொய்யை நாக்கு மன்னிக்காது.

மனதைச் சொல்லும் காட்சி

இதை ஒரே முறையில் சரியாக எழுதியவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஜேன் ஆஸ்டின் 'பெர்சுவேஷன்' நாவலை 1816 ஜூலையில் முடித்துவிட்டு, முடிவு பிடிக்காமல் ஆகஸ்டில் கடைசிப் பகுதியை மாற்றி எழுதினார். அவர் முதலில் எழுதிய கடைசி இரண்டு அத்தியாயங்களும் அவர் கையெழுத்திலேயே மிஞ்சியிருக்கின்றன. முதல் வடிவத்தில் கதாநாயகியும் கதாநாயகனும் ஒரு அறையில் தனியாக விடப்பட்டு, மூன்றாம் மனிதரின் கேள்வி ஒன்றைக் கேட்க நேர்ந்து, உண்மை வெளிவருகிறது. புதிய வடிவத்தில் அறையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவள் இன்னொருவரிடம் பேசுவது அவன் காதில் விழுகிறது, அங்கேயே உட்கார்ந்து அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். தனிமையைப் பிடுங்கிக்கொண்டதும் காட்சிக்கு உயிர் வந்துவிட்டது.

இதைப் பார்த்து நான் பழகியது: மனதைச் சொல்லும் காட்சியை மூன்று முறை எழுதுவேன். முதலில் இருவரும் தனியாக, எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க. அது எனக்காக, யாரும் படிக்கப் போவதில்லை. அடுத்து அதே இடத்தில் மூன்றாவது ஒருவரை உட்காரவைத்து. கடைசியாக, இருவரும் வேறு ஏதோ ஒரு வேலையைப் பற்றியே பேசுவதாக. மூன்றாவது வரைவில்தான் பெரும்பாலும் தங்குகிறேன். ஆனால் முதல் வரைவு இல்லாமல் மூன்றாவது வராது, குறுக்குவழி தேடிப் பார்த்திருக்கிறேன்.

திருத்தும் மாதம்

நோட்டு முடிந்ததும் நாற்பது நாள் தொட மாட்டேன். பிறகு அச்செடுத்து, மேசையில் அல்லாமல் வேறு அறையில் நின்றுகொண்டு படிப்பேன். கையில் ஒரு பென்சில். அலங்காரங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இந்த முறை தேடுவது ஒன்றைத்தான். இருவருக்கும் நடுவே இருக்கும் தடை ஒரு போன் பேச்சில் தீர்ந்துவிடும் என்று தோன்றும் இடத்தில் ஓரத்தில் 'போன்' என்று எழுதுவேன்.

இப்போது திருத்திக்கொண்டிருக்கும் நாவலில் அந்தச் சொல் இரண்டு இடத்தில் விழுந்திருக்கிறது. 61ஆம் பக்கத்தில் இருப்பதை நேற்று எடுத்துவிட்டேன், அவள் உண்மையிலேயே அவனைக் கூப்பிடுகிறாள், அவனும் எடுக்கிறான், நிலைமை இன்னும் மோசமாகிறது. 188ஆம் பக்கத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை. நாளை காலை 4.45க்கு அந்தப் பக்கத்தைத்தான் திறக்க வேண்டும்.